தலைமேல் படகு

பாதி வழியில் வைக்கோ படகைத் தொப்பென்று போட்டுவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்தபோது ரைலிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இரண்டு ஏரிகளுக்கு நடுவே படகைத் தலைக்குமேல் கவிழ்த்துச் சுமந்து போகிற காட்டுத்தடம் அது. முப்பது வருடத்தில் அவள் கணவன் அங்கே உட்கார்ந்ததே இல்லை. அருகே வந்த பிறகுதான் அவன் முகம் வெளுத்திருப்பதையும், இடது தோளை இறுக்கிப் பிடித்திருப்பதையும் பார்த்தாள்.

“காலைல தின்ன மீனு. நெஞ்சக் கரிக்குது.”

“மீனுக்கு இப்படியா வேர்க்கும்?”

மருந்துப் பையிலிருந்து ஆஸ்பிரின் எடுத்து மென்று விழுங்கச் சொன்னாள். கைபேசிக்கு அங்கே சிக்னல் கிடையாது. அடுத்த ஏரியின் அக்கரையில் ஒரு மீன்பிடி விடுதி உண்டு, அங்கே ரேடியோ இருக்கும். அவளுடைய படகு காலையில் இந்தத் தடத்தின் கரையில் ஏறும்போது பாறையில் மோதி உடைந்துவிட்டது. மிச்சமிருந்தது அவனுடைய முப்பத்தைந்து கிலோ படகுதான். அதிலும் ஒருவர்தான் உட்கார முடியும்.

அவன் போட்ட வேகத்தில் தோளில் தாங்கும் குறுக்குக்கட்டை முறிந்திருந்தது. ரைலி இரண்டு துடுப்புகளையும் அவற்றின் தட்டை முனைகள் தோளில் படியும்படி உள்ளே நீளவாக்கில் கட்டினாள்.

“தொடைல ஏத்து. முட்டியால ஒரு உந்து உந்தி, தலைய உள்ள விடு,” என்றான் வைக்கோ.

முதல் முறை படகு அவள் காலில் விழுந்தது. இரண்டாம் முறை அவளே விழுந்தாள். அவன் எழப் பார்த்தான்.

“எந்திரிச்ச, நானே உன்னைக் கொன்னுருவேன்.”

பிறகு அவள் படகைக் கவிழ்த்து ஒரு முனையை மட்டும் தூக்கி, வெள்ளைப் பட்டையுள்ள பூர்ஜ மரத்தின் கவட்டையில் சாய்த்தாள். அடியில் நுழைந்து, நடுப்பகுதியில் தோளைக் கொடுத்து நிமிர்ந்தாள். பின்முனை தானாக மேலெழுந்தது.

“கிழவிங்க தூக்குற மாதிரி தூக்குற,” என்றான்.

“கிழவிதானே போறேன்.”

“ரைலி... எவ்வளவு நேரமாகும்?”

அவன் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை. “ஒரு மணி நேரம். பேசாம உக்காந்திரு,” என்றாள்.

படகுக்கு அடியில் அவளுக்குத் தெரிந்தது தன் கால்களும் நாலடி மண்ணும்தான். கொசுக்கள் கண்ணிமையில் உட்கார்ந்தன, விரட்டக் கை இல்லை. கொஞ்ச தூரம்வரை பின்னால் அவன் இருமல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. திரும்பிப் பார்ப்பதென்றால் படகோடு திரும்ப வேண்டும், அதற்கு மரங்கள் இடம் விடவில்லை. இறக்கி வைத்தால் மறுபடி தூக்க முடியுமா என்பது நிச்சயமில்லை. “வைக்கோ!” என்று கத்தினாள். அந்தப் பெயர் படகுக்குள்ளேயே முட்டி அவள் காதுக்குத் திரும்பியது. அவள் நிற்கவில்லை. அழுதாளா, வியர்வையா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏரியில் காற்று எதிர்த்து வீசியது. மண்டியிட்டு, கை மரத்துப்போகும்வரை துடுப்புப் போட்டாள். விடுதியின் மரப் படகுத்துறையில் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் கோப்பையுடன் நின்றிருந்தார். ரைலி உதவி கேட்டுத் துடுப்பை இரு கைகளாலும் தலைக்குமேல் குறுக்கே உயர்த்தினாள். அவர் சிரித்தபடி கையசைத்தார். அவள் மறுபடி உயர்த்தினாள், இறக்காமல் அப்படியே பிடித்திருந்தாள். படகு காற்றில் பக்கவாட்டாகத் திரும்பியது.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.