பின்னால் இரண்டு

"படுடா. கைய கால ஆட்டாம படு" என்று ஜீப்பின் பின்கதவைப் பிடித்தபடி தம்பியை அதட்டினாள். இருக்கைகளைக் கழற்றிவிட்டு விரித்திருந்த மெத்தையில் தடியன் மல்லாந்தான். வீட்டில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது.

"மூணாவது தடவக்கா. அப்பாவுக்கு முன்னாடி நான் போய்ச் சேர்ந்துடுவேன்."

"வாய மூடு."

மருத்துவமனையில் கைவிரித்துவிட்டார்கள். இன்றோ நாளையோதான். அப்பாவுக்கு வீட்டில் வைத்துத்தான் உயிர் போக வேண்டும். ஆம்புலன்ஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஒன்பது கிலோமீட்டர் கல்லும் குழியும். போன வாரம் இறங்கி வந்தபோது, முதுகெலும்பு வரை நோய் பரவியிருந்த மனுஷன் ஒவ்வொரு குழிக்கும் அலறினார். "இந்தத் தடவ கத்த மாட்டீங்கப்பா, அது என் பொறுப்பு" என்று காலையில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அதற்குத்தான் தம்பியைப் படுக்க வைத்து இந்த ஒத்திகை.

ஷாக் அப்சார்பர் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு திருகு இருந்தது. ஒன்றில் வைத்தால் மெத்தென்றிருக்கும், எட்டில் கட்டை. முப்பது வருஷம் குவாரிக்குச் சுமை ஏற்றிய அப்பாவுக்கு நாலு சக்கரத்துக்கும் ஏழு. அதில் மறுபேச்சே கிடையாது. தொட்டால் கையை ஒடிப்பேன் என்பார். ஆனால் ஏழில் வைத்த வண்டி காலியாகப் போனால் ஒவ்வொரு கல்லும் முதுகுக்கு வந்து சேரும். ஒன்றில் வைத்துப் பார்த்தாள். அது அதைவிட மோசம். ஒரு குழிக்கு வண்டி மூன்று முறை குதித்து, தடியனின் தலை கதவில் இடித்தது.

இப்போது முன்னால் மூன்று, பின்னால் நான்கு. பெரிய குழியில் வண்டி ஒருமுறை அமிழ்ந்து எழுந்து அடங்கியது.

"தூக்கம் வருதுக்கா" என்றான் தடியன்.

மருத்துவமனை வாசலில் அவன் ஸ்ட்ரெச்சருக்குக் காத்திருக்கவில்லை. அப்பாவை அப்படியே இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு வந்தான். பார்த்தவளுக்குச் சுருக்கென்றது. தொண்ணூறு கிலோ ஆளைப் படுக்க வைத்துப் போட்ட கணக்கு அது. அப்பா நாற்பதுகூடத் தேற மாட்டார். இது தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, மண்ணில் மல்லாந்து அடியில் புகுந்தாள். சைலன்சர் முழங்கையைச் சுட்டது. டக். டக். அடுத்த பக்கமும் டக், டக்.

மேலேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "எத்தன?"

"பின்னாடி ரெண்டு. முன்னாடி மூணு."

"என் வண்டில... ரெண்டா?"

"ஆமா. கைய ஒடிக்கணும்னா வீட்டுக்குப் போய் ஒடிங்க."

சிரிப்பு மாதிரி ஒரு மூச்சு கேட்டது. "ஓட்டு."

ஒன்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் கத்தவில்லை. பெரிய குழியைத் தாண்டியதும், "பரவால்லயே" என்றார். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சாயங்காலம் ஜன்னலோரக் கட்டிலில் படுத்துத் தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. டம்ளரைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்று அழுதாள்.

மறுநாள் காலை அவரை அதே மெத்தையில் ஏற்றினார்கள். இடுகாட்டுக்கும் அந்தப் பாதைதான், அந்தப் பெரிய குழிதான். சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் பின்னால் ஏறத் தயாராக நின்றார்கள்.

தடியன் சக்கரத்தருகே குனிந்தான். "இத்தன பேர் ஏறுனா அடி தட்டும்க்கா. ஏழுக்கு மாத்திடவா? அவரு நம்பர்தானே."

"மாத்துப்பா" என்றார் சித்தப்பா. "இனிமே அண்ணனுக்கு வலிக்கவா போகுது?"

அவள் சாவியை எடுத்தாள்.

"திருகத் தொடாதடா. யாரும் ஏற வேணாம். எல்லாரும் நடந்து வாங்க."

சித்தப்பா ஏதோ முணுமுணுத்தார். அவள் காதில் வாங்கவில்லை. முதல் கியரிலேயே ஓட்டினாள். பின்னால் செருப்புச் சத்தங்கள் தொடர்ந்து வந்தன. பெரிய குழியில் வண்டி ஒருமுறை அமிழ்ந்து எழுந்து அடங்கியது.

கண்ணாடியில் பார்த்தாள். போர்த்தியிருந்த துணி கலையவில்லை.