முந்தானையில் முடிந்து வந்த காலை

1985ஆம் வருஷம் ஆடி மாதம் பூங்காவனம் பினாங்கிலிருந்து திரும்பி வந்த மறுநாள் தொடங்கி, காட்டுப்பாக்கத்தில் அவள் வீட்டுக்கு மட்டும் ஊரைவிட ஒன்றேகால் மணி நேரம் முன்னதாக விடிந்தது. கிளுவை வேலிக்கு உள்ளே வெயில் ஏறி நிற்கும்போது வேலிக்கு வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதல் வாரம் தெருவே கூடி நின்று பார்த்தது. இரண்டாவது வாரம் வெங்காயம் விலை ஏறியதால் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. ஆவடித் தொழிற்சாலைக்கு முதல் ஷிப்டு போகிறவர்கள் அவள் வேலியில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டு பஸ் பிடித்தார்கள். ஊர்ச் சேவல்கள் எல்லாம் அங்கே போய்க் கூவிவிட்டு, தங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து மறுபடியும் ஒரு முறை கூவின. பூங்காவனத்தின் மல்லித் தோட்டம் வேலிக்குள்தான் இருந்தது. மற்றவர்கள் கூடையைத் தேடுகிற நேரத்தில் அவள் மொட்டு பறித்து முடித்து, பூந்தமல்லியிலிருந்து கிளம்பும் முதல் பஸ்ஸில் பூக்கடைக்கு அனுப்பிவிடுவாள். அடுத்த வீட்டு நாகம்மா மட்டும் குறைப்பட்டுக்கொண்டாள்.

"இன்னாடி, உன் ஊட்டு வெய்ய என் ஊட்டு மேல கொஞ்சம் சாயக் கூடாதா? வத்தல் போட்டு மூணு நாளா ஈரமாவே கீது."

"அது என்துல்ல நாகம்மா. எடுத்துகினு வந்தது."

"எவன்துடி?"

"என் தங்கச்சி புருசன்து," என்றாள் பூங்காவனம்.

தங்கச்சி புருஷன் கங்காதரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்து, பினாங்கில் ஒரு மின்னணுச் சாமான் கம்பெனிக்கு மேற்பார்வையாளனாகப் போனவன். அக்கா தங்கை இருவருக்கும் தாய் தகப்பன் இல்லை. பூங்காவனம் கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவனை இழந்து, மல்லி விற்ற காசில் தங்கை வனஜாவை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். வனஜாவுக்குப் பிரசவம் பார்க்க ஆள் வேண்டும் என்று கங்காதரன் விசிட்டர் விசா வாங்கி அவளை அழைத்தான். பதினோராவது மாடியில் வீடு. இறங்கிய அன்றே, "பத்திரமா இருக்கட்டும் அக்கா," என்று அவள் பாஸ்போர்ட்டை வாங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினான். வனஜாவின் பாஸ்போர்ட்டும் கல்யாணமான நாளிலிருந்து அதே பீரோவில்தான் இருந்தது. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தான். குழந்தை பத்மா பிறந்தாள். குழந்தைக்குப் பெயர் வைத்த மறுநாளே வீட்டுக்குள் பெரிய இட்லிக் கொப்பரை வந்தது. தொழிலாளர் விடுதிக்கு இட்லி போடுகிற வேலையைக் கங்காதரன் பிடித்து வந்திருந்தான். பூங்காவனம் விடியுமுன் எழுந்து அவித்தாள். பச்சை உடம்புக்காரி வனஜா மாவு ஆட்டினாள். ஒரு நாள் தட்டு ஏந்த முடியாமல் வனஜா உட்கார்ந்துவிட்டதற்குக் கங்காதரன் கரண்டிக் காம்பால் அடித்தான். அடுப்பு முன்னால் நின்றிருந்த பூங்காவனம் அதைப் பார்த்தாள்.

விசா முடியப் போகிறது என்று அவள் நினைவூட்டியபோதெல்லாம், "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேங்கா, இன்னா அவசரம்," என்றான். அப்படியே ஒன்பது நாள் கூடிவிட்டது. விமான நிலையத்தில் அதிகாரி முத்திரையைப் பார்த்து ஏன் என்று கேட்டபோது, கங்காதரன் வரிசையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் போகச் சொல்லிக்கினே இருந்தேன் சார், சம்பாதிக்கிற ஆசையில இவங்கதான் கிளம்பல," என்று தமிழும் இங்கிலீஷும் கலந்து சொன்னான். மறுத்துப் பேசப் பூங்காவனத்துக்கு அந்த நாட்டு மொழியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அவள் காதில் இருந்த கம்மல் அபராதத்துக்குப் போயிற்று. பாஸ்போர்ட்டில் சிவப்பு மை விழுந்தது. காதில் துளைக்கு வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு விமானம் ஏறினாள்.

அன்று காலை கிளம்புமுன், வீட்டில் யாரும் எழாத நேரத்தில், அவள் பால்கனியில் நின்று கடலுக்கு அந்தப் பக்கம் வெளுப்பதைப் பார்த்திருந்தாள். அந்த வீட்டின் விடியலை இத்தனை நாளும் பார்த்தவள் அவள் ஒருத்திதான். வெளிச்சம் கம்பியைத் தாண்டி உள்ளே வந்ததும் முந்தானை நுனியில் அதைப் பிடித்து இரண்டு முடிச்சாக முடிந்தாள். மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி தங்கமோ என்று முடிச்சை அமுக்கிப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"என்னம்மா இது?"

"காலை சார்."

அவர் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். அதற்குத் தீர்வை போட்டிருக்கவில்லை. போகச் சொல்லிவிட்டார். பூங்காவனம் வீட்டுக்கு வந்து மல்லிப் பாத்தியில் நின்று முடிச்சை அவிழ்த்தாள்.

பினாங்கில் என்ன ஆயிற்று என்பது ஐப்பசியில் தெரிந்தது. அரிசி மில்லுக்கு ஃபோன் வந்து, மில் ஆள் ஓடி வந்து அவளைக் கூட்டிப்போனான். வனஜா கிசுகிசுவென்று பேசினாள்.

"அக்கா, எங்க ஊட்டுக்கு மட்டும் லேட்டா விடியுது. ஒரு மணி நேரத்துக்கு மேல இருட்டாவே கீது."

"பக்கத்து ஊட்ல?"

"அங்கெல்லாம் பளபளன்னு விடிஞ்சிக்கினு கீது. கதவைத் தொறந்தா வெளிச்சம் வாசப்படியோட நிக்குது. இவரு தெனம் வேலைக்கு லேட்டு. மாவு பொங்கறதே இல்ல, இட்லி ஆர்டர் போயிடுச்சி."

 பினாங்கிலிருந்து வந்த நாள் முதல் பூங்காவனம் சிரித்ததில்லை, அன்றும் சிரிக்கவில்லை என்று மில் ஆள் பிறகு சொன்னான். "குழந்தைக்குக் கஷ்டமாயிருந்தா சொல்லு, திருப்பி அனுப்ச்சிடறேன்," என்றாள்.

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது கேட்டது. பிறகு வனஜா சொன்னாள்: "எனக்கு இருட்டு பழகிடுச்சிக்கா. இருட்டுல இவருக்குக் கை எங்க ஓங்கறதுன்னு தெரியல. நீ அத்த உட்றாதே."

அன்றைக்கே பூங்காவனம் பூந்தமல்லிக்குப் போய், பஸ் நிலையத்துக்கு எதிரில் தட்டெழுத்துப் பொறி வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டு விசா பாரம் எல்லாம் நிரப்பிக் கொடுக்கும் ஜேம்ஸ் முன்னால் உட்கார்ந்தாள். மறுபடியும் பினாங்குக்கு விசிட்டர் விசா வேண்டும், தங்கையையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றாள். ஜேம்ஸ் பதினைந்து வருஷமாகப் பாரம் நிரப்புகிறவர். ரேஷன் கார்டு பாரத்தில் கேஸ் அடுப்பு உண்டா என்றால் இல்லை, நிலம் உண்டா என்றால் இல்லை, வேறு வருமானம் உண்டா என்றால் இல்லை என்று போட்டே பழகியவர்.

"இதுக்கு முன்னாடி அனுமதிச்ச நாளுக்கு மேல தங்கினது உண்டான்னு கேக்கறான். இல்லன்னு போட்டுட்றேங்கா. இன்னா கேட்டாலும் இல்லதான் சேஃப்டி."

"சிவப்பு மை கீதே."

"அத்த யாரு பாக்கப் போறான்."

பாரத்தோடு பாஸ்போர்ட்டையும் வைக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். ஆனாலும் இல்லை என்றே போட்டார்கள். விசா அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது சிவப்பு மைதான். மறுத்துவிட்டார்கள். ஒன்பது நாள் தங்கியதைக்கூட மன்னித்திருக்கலாம், மறைத்ததுதான் குற்றம் என்று அங்கிருந்த தமிழ்க்காரர் ஒருவர் பொறுமையாகவே சொன்னார். பூங்காவனம் வீட்டுக்கு வந்து காலையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துவிட்டாள். மறுநாள் அவள் வீட்டில் மூன்று மணிக்கு விடிந்தது. அந்த வருஷம் காட்டுப்பாக்கத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அவள் தோட்டத்தில் உட்கார்ந்து படித்துத் தேறினார்கள்.

அடுத்த வருஷம் ஜேம்ஸ் வெட்கத்தோடு வேறு வழி சொன்னார். தங்கியது உண்டு, மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டதால் தங்க நேர்ந்தது என்று எழுதி, ஒரு டாக்டரிடம் சான்றும் வாங்கிச் சேர்த்தார். விசா அலுவலகம் அதைக் கங்காதரனிடம் கேட்டு எழுதியது. அவளுக்குக் காய்ச்சல்கூட வந்ததில்லை, கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தவள், மறுபடி விட்டால் மறுபடியும் தங்குவாள் என்று அவன் பதில் போட்டான். இரண்டாவது முறையும் மறுப்பு வந்தது. அன்றிலிருந்து பூங்காவனம் வீட்டில் ஊர் அடங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் விடிந்தது. அவள் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டுக்கொண்டு தூங்கினாள். வேலி ஓரத்தில் தூக்கணாங்குருவிகள் வருஷத்துக்கு இரண்டு தடவை கூடு கட்டின.

இங்கே எவ்வளவு முன்னதாக விடிந்ததோ அவ்வளவு பின்னதாகப் பதினோராவது மாடியில் விடிந்தது. கடைசியில் அது பிற்பகலில்தான் வெளுத்து, விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடி இருட்டிற்று. கங்காதரன் மூன்று அலாரம் வாங்கினான். மூன்றும் அடித்தன. கண்ணைத் திறந்தால் கும்மிருட்டு, உடம்பு நம்பாமல் திரும்பிப் படுத்தது. மேற்பார்வையாளன் வேலையிலிருந்து இறக்கி மூட்டை கட்டுகிற பகுதிக்கு அனுப்பினார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்தால் வேலை அனுமதியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. வீட்டை மாற்றிப் பார்த்தான். இருட்டு ஒரு நாள் முன்னதாகவே புது வீட்டுக்குப் போய்க் காத்திருந்தது. பத்மா டார்ச் வெளிச்சத்தில் நடக்கக் கற்றுக்கொண்டாள்.

1988ஆம் வருஷம் மாசி மாதம் கங்காதரன் தனியாகக் காட்டுப்பாக்கத்துக்கு வந்தான். கோடாரித் தைலம், வாசனைச் சோப்பு, ஒரு கம்பளி, ஒரு ஜோடி கம்மல் இவ்வளவும் ஒரு பையில் கொண்டு வந்தான். தெரு இருட்டிலிருந்து வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவன் வெயிலில் கால் வைத்ததும் அப்படியே மல்லிச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டான். முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தான். நாகம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிப்டுக்காரர்கள் பாதிச் சவரத்தில் நின்றார்கள்.

"அக்கா, திருப்பிக் குடுத்துடு."

"இன்னாத்த?"

"அதான். காலைய."

"பாஸ்போர்ட்ட உள்ள வச்சிப் பூட்டினவன் யாரு?"

அவன் சுற்றிலும் பார்த்தான். "எதுக்குக்கா அதெல்லாம் இப்ப. கம்மல் எடுத்துகினு வந்துகீறேன் பாரு."

"காது தூந்து போச்சி. யாருன்னு கேட்டேன்."

"நான்தான்," என்றான் மெதுவாக.

"இங்க சொல்லி இன்னா புரோஜனம். எந்த விசா ஆபீசுக்குப் பொய் எழுதினியோ அங்க வந்து சொல்லு. நான் விசா வாங்கிகினு பினாங்குக்கு வரேன், நானே கொண்டாந்து உன் ஊட்ல அவுக்கறேன்."

இரண்டு நாள் கழித்து மூன்றாவது பாரத்தோடு அவர்கள் விசா அலுவலகத்தில் நின்றார்கள். ஜேம்ஸ் இந்தத் தடவை எதையும் மாற்றாமல் நிரப்பியிருந்தார், அதனால் அவருக்கு லேசாகக் காய்ச்சல் கண்டிருந்தது. அதே தமிழ்க்காரர் ஏன் தங்கினீர்கள் என்று பூங்காவனத்தைக் கேட்டார். அவள் கங்காதரனைப் பார்த்தாள். அவன் முணுமுணுத்தான்.

"எழுதிக்கணும் சார், கொஞ்சம் சத்தமா," என்றார் தமிழ்க்காரர்.

"பாஸ்போர்ட்ட நான் பூட்டி வச்சிட்டேன். ஏர்போர்ட்டுல பொய் சொன்னேன். காமாலை விசயத்துலயும் அவங்க மேல பழி போட்டேன்."

"காமாலை வந்ததா?"

"வரல சார்," என்றாள் பூங்காவனம். "அது எங்க பொய்."

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த விமான நிலையத்தில் இருந்ததைவிட நீளமான வரிசை அது. கங்காதரன் கையெழுத்துப் போட்டான். ஒரு மாதத்துக்கு விசா கொடுத்தார்கள்.

புறப்பட்ட அன்று பூங்காவனம் பாத்தியில் நின்று வெளிச்சம் முழுவதையும் முந்தானையில் பிடித்து முடிந்துகொண்டாள். அவள் இல்லாத நாட்களில் அந்த வீட்டில் எல்லா வீட்டையும்போல விடிந்தது, மல்லி கொஞ்சம் தடுமாறிற்று. பினாங்கில் இறங்கிய மறுநாள், சொன்ன சொல் தவறாமல், பதினோராவது மாடியில் முடிச்சை அவிழ்த்தாள். வீடு பளீரென்று விடிந்தது. பத்மா சுவரில் தன் நிழலைப் பார்த்துப் பயந்து அழுதாள், பிறகு அதோடு விளையாடினாள். கங்காதரன் நேரத்துக்கு வேலைக்குப் போனான். மூன்று வாரத்தில் கம்பெனி அனுமதியைப் புதுப்பித்தது. அவன் மறுபடியும் கொப்பரையை இறக்கி வைத்து, "நீதான் கீறியேக்கா, நாளையிலருந்து இட்லி ஆரம்பிச்சிடலாம்," என்றான். "பாஸ்போர்ட்டு எங்க?" என்று கேட்டான். அவள் எடுத்துக் கொடுத்தாள். பீரோவில் வைத்துப் பூட்டினான். இத்தனைக்கும் பிறகு அப்படிச் செய்வானா என்று பிற்பாடு காட்டுப்பாக்கத்தில் சிலர் கேட்டதுண்டு. அவன் செய்வான் என்று தெரிந்துதான் பூங்காவனம் விமானம் ஏறினாள்.

அடுத்த ஞாயிறு அவன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பால்கனியில் பாய் விரித்து வெயிலில் படுத்தான். மூன்று வருஷத்துத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினான். இடுப்பில் சாவி தகதகவென்று மின்னிற்று. வனஜா காய் நறுக்கும் கத்தியால் அரைஞாண் கயிற்றை அறுத்தாள். கல்யாணமான பிறகு அவனைக் கேட்காமல் அவள் செய்த முதல் வேலை அது. பீரோவிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்தாள். குழந்தையின் பெயர் தாயின் பாஸ்போர்ட்டிலேயே இருந்தது. டிக்கெட்டுகள் மல்லிக் காசில் எடுத்து முன்னமே பூங்காவனத்தின் சுருக்குப்பையில் இருந்தன. வாசலில் செருப்பு மாட்டுமுன் பூங்காவனம் பால்கனிக்குத் திரும்பி வந்து, தூங்குகிறவனின் தலைமாட்டில் குனிந்து, அவன் முகத்தில் விழுந்த வெயிலிலிருந்து தொடங்கிக் கூரை, சுவர், பாய், கொப்பரை என்று ஒரு துளி விடாமல் முந்தானையில் சேர்த்து, இந்த முறை மூன்று முடிச்சுப் போட்டாள். அவன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

விமான நிலையத்தில் அதிகாரி அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். சிவப்பு மையையும் பார்த்தார். "இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கே, அம்மா," என்றார், அவரும் தமிழர்தான்.

"இருக்கட்டும் சார். அத்த நீங்களே வச்சிக்கோங்க."

அதற்குப் பிறகு கங்காதரன் வீட்டில் பிற்பகலிலும் விடியவில்லை. அவன் எத்தனையோ வீடு மாறினான். வேலை அனுமதி போய், ஊருக்கு வந்து வானகரத்தில் கொஞ்ச நாள், அம்பத்தூரில் கொஞ்ச நாள் வாடகைக்கு இருந்தான். பகலில் அவன் இருந்த வீட்டுக்குள் போகிறவர்கள் சுவரைத் தடவிக்கொண்டு போனார்கள். மின்சார வாரியத்தில் அந்த வீட்டுக்கு ஏன் இவ்வளவு யூனிட் என்று ஒரு தடவை விசாரித்தார்கள், காரணம் தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். பூங்காவனம் வீட்டில் பழையபடி ஒன்றேகால் மணி நேரம் முன்னதாக விடிந்தது, அதற்கு மேல் அவள் இழுக்கவில்லை. செம்பரம்பாக்கம் வரைக்கும் நிலமெல்லாம் மனையானபோது தரகர்கள் அவள் வேலியைக் காட்டித்தான் அக்கம்பக்கத்து மனைகளுக்கு விலை சொன்னார்கள். ஊரில் முகூர்த்தம் குறிக்கிறவர்கள் எந்த விடியல், ஊர் விடியலா பூங்காவனம் வீட்டு விடியலா என்று கேட்டுக்கொண்டார்கள். வனஜா பூக்கடை வைத்தாள். பத்மா பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை.

1997இல் அவர்கள் வீட்டுக்கு ஃபோன் இணைப்பு வந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் விடிகாலையில் அது அடிக்கும். பூங்காவனம்தான் எடுப்பாள், முன்பு வேப்பங்குச்சி செருகியிருந்த காதில் வைத்துக்கொள்வாள்.

"அக்கா, அங்க விடிஞ்சிடுச்சா?" என்று அந்தப் பக்கம் கங்காதரன் கேட்பான்.

"எப்பவோ," என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு பூப்பறிக்கப் போவாள்.