சொல்லிக் கொடுத்தது

எங்கள் வீட்டு முன்னறையில் அம்மா வெளிநாட்டுக்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறாள். இலக்கண அட்டவணையை எடுத்தாலே கொட்டாவி விடுகிறார்கள் என்று எல்லாவற்றையும் உருவகமாகத்தான் சொல்வாள். பக்கத்து அறையில் கணினி வேலை பார்க்கும் எனக்கும் பாடம் இலவசம்.

புதிதாகச் சேர்ந்த பெண்மணி முதல் நாளே கேட்டாள்: "'சொல்லிக் கொடுப்பது' என்கிறீர்கள். கொடுத்த பிறகு அது உங்களிடம் இருக்குமா?"

வகுப்பே சிரித்தது. அம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அதெப்படி இருக்கும்? கொடுத்தா கொடுத்ததுதான். பத்திரமா வச்சுக்கோங்க."

கேட்டவள் சிரிக்கவில்லை. அதை நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டாள். அவளுக்கு நோட்டுக்காரி என்று பெயர் வைத்தேன். அன்றைய பாடம், 'பொறுமை ஒரு சாவி'. அதையும் எழுதிக்கொண்டாள்.

மாலையில் கடைக்குக் கிளம்பிய அம்மா, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "இது பேரு என்ன கண்ணு?" என்றாள்.

"அதுக்குள்ள மறதியா? சாவிம்மா!"

எத்தனை முறை சொன்னாலும் அது அவள் நாக்கில் ஒட்டவில்லை. மறுநாள் 'கத்தரிக்கோல்' போயிற்று. அடுத்த வாரம் 'ஜன்னல்', 'நிழல்'. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒரு கோளாறும் இல்லை என்றார். பாடத்தில் உருவகமாக வந்து அந்த நோட்டில் ஏறிய சொற்கள் மட்டும்தான் போகின்றன என்று புரிந்ததும் அம்மாவிடம் போய் நின்றேன்.

"அவளை நிறுத்தும்மா."

"நல்லா இருக்கே! இருக்கறதுலயே ஒழுங்கா படிக்கிறவ அவதான்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் என்ன கோபம், பயம்தான். பிறந்ததிலிருந்து அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் 'கண்ணு'தான். அது மட்டும் போய்விடக் கூடாது.

வியாழக்கிழமை நோட்டுக்காரி கேட்டாள்: "மகளுக்கு என்ன உருவகம், டீச்சர்?"

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். "அம்மா, சொல்லாத!"

என்னைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "இதோ நிக்கிறாளே, என் கண்ணு" என்று சொல்லிவிட்டாள். பேனா ஓடியது.

வகுப்பு கலைந்தது. அம்மா என்னைக் கூப்பிட வாயைத் திறந்தாள். "இந்தா..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது.

அப்போது பின்னால் வாசலிலிருந்து குரல் கேட்டது. "கண்ணு, என் குடையை வச்சுட்டுப் போயிட்டேன். எடுத்துக் குடு."

அதே குழைவு, அதே இழுப்பு.

"இதோ வரேம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் நோட்டுக்காரி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அம்மா என் பக்கத்திலேயே இருந்தாள்.