விட்டுவிட்டுப் போகும் கோடு

விக்ரமை வெறுக்கக்கூட ரோகிணிக்கு மனம் வரவில்லை. அந்த அளவுக்கு அவன் தேறமாட்டான் என்பது அவள் கணிப்பு.

பசுமலையில் அப்பா நடத்திய கட்டுமான அலுவலகம் அவனுக்கு அப்படியே கைக்கு வந்திருந்தது. சுழல் நாற்காலியும் கண்ணாடி மேசையும் வாசலில் 'இன்ஜினியர்' என்ற பித்தளை எழுத்துமாக எல்லாம் இருந்தன. வரைபடம் மட்டும் அவனுக்குப் படிக்கத் தெரியாது. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டும் கால்வட்டக் கோட்டை ஒருமுறை, "என்ன இது வளைவா, அசிங்கமா இருக்கு, எடுத்துடு" என்றான். அவனிடம் வரைவாளராக இருந்த ரோகிணி அன்றைக்கே அவனை எடைபோட்டு மூலையில் வைத்துவிட்டாள்.

ஆடி மாதத்தில் அலங்காநல்லூர் அன்னக்கொடியின் வீட்டு வேலை வந்தது. வாழைக்காய் மண்டி வைத்திருந்த அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தெருவப் பாத்து பெருசா ஒரு பால்கனி வேணும். தையில காளைகள இந்தத் தெரு வழியாத்தான் ஓட்டிட்டுப் போவாக. சொந்தக்காரங்க முப்பது பேரு நின்னு பாக்கணும்."

பால்கனிக்குப் பின்னால்தான் பிடிமானம். முன்னால் தூண் கிடையாது. ஆள் ஏறினால் அதன் மேற்பக்கம்தான் இழுபடும். இழுவை தாங்கும் கம்பி மேலேயே இருக்க வேண்டும். ரோகிணி அப்படித்தான் வரைந்தாள். மேலே வரும் கம்பிக்கு விட்டுவிட்டுப் போகும் கோடு, கீழே வரும் கம்பிக்கு முழுக் கோடு. எந்தக் கோட்டுக்கு என்ன பொருள் என்று தாளின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு எழுதியும் வைத்தாள்.

"இந்தக் கட்டம் எதுக்கு? நம்ம ஆபீஸ் பேரு பெருசா வரணும், இடம் பத்தல. தூக்கிடு" என்றான் விக்ரம்.

"அது இல்லன்னா கோடு புரியாது சார்."

"கட்டுறவனுக்குப் புரியும். நீ படத்த மட்டும் வரை."

அவள் தூக்கிவிட்டாள். கம்பிகளின் பக்கத்திலேயே 'மேல்', 'கீழ்' என்று எழுத ஒரு நிமிடம் போதும். எழுதவில்லை. அவன் படட்டும், அப்போதாவது உறைக்கும் என்று நினைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அலுவலகத்துக்குப் போன் வந்தது. கம்பி கட்டும் நல்லகாமன். விக்ரம் ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், நாளைக்குக் காலையில பால்கனிக்குக் கான்கிரீட். படத்துல ரெண்டு தினுசாக் கோடு கெடக்கு. எது மேல, எது கீழ?"

விக்ரமின் கண் தாளில் அலைந்தது. ரோகிணி வாயைத் திறந்தாள். அவன் கையைக் காட்டி அவளை அடக்கினான்.

"விட்டுவிட்டு இருக்குறது மறைஞ்ச கோடுய்யா. மறைஞ்சதுன்னா கீழ. இதெல்லாம் படிச்சவங்களுக்குத் தெரியும்."

"சரிங்க சார்" என்று நல்லகாமன் போனை வைத்தான்.

ரோகிணிக்குச் சிரிப்புதான் வந்தது. தன் அலுவலகத்துத் தாளையே தலைகீழாகப் படித்துவிட்டு, படிப்பைப் பற்றியும் பேசுகிறான். ஊர் பார்க்க இவன் மாட்டட்டும் என்ற நினைப்பு நாக்கில் இனிப்பாக ஒட்டியிருந்தது. அந்த இனிப்போடுதான் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் தலை சீவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த முப்பது பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். பாதிச் சடையோடு செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி பஸ் பிடித்தாள்.

அலங்காநல்லூரில் கலவை மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. ஏணியில் ஏறிப் பார்த்தாள். இழுவை தாங்கும் கம்பிகள் எல்லாம் சரியாக மேலேயே இருந்தன.

"சார் கீழன்னு சொன்னாரே அண்ணே?" என்றாள் மூச்சு வாங்க.

நல்லகாமன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்தாளு சொல்லுக்கு யாரு கம்பி கட்டுவா? உங்களுக்கெல்லாம் தெரியுதான்னு பாக்கத்தான் போன் போட்டேன்." கட்டுக்கம்பியை முறுக்கி முடித்துவிட்டுத்தான் அவளை ஏறிட்டான். "கோடு போட்டது நீதான? மேல, கீழன்னு எழுதக் கை வலிச்சுச்சோ?"

அவள் குனிந்து மேல் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள்.

பத்து மணிக்கு விக்ரம் காரில் வந்து இறங்கினான். மேலே ஏறியவன் கம்பிகளைக் காலால் தட்டினான், போனில் படம் எடுத்தான், பின்னால் ஏறிவந்த அன்னக்கொடியிடம், "நான் சொன்ன மாதிரியே கச்சிதமாக் கட்டியிருக்கான், பாத்தீங்களா" என்றான். கம்பி மேலே இருப்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"நீங்க கீழ கட்டச் சொன்னீங்க சார்" என்றாள் ரோகிணி.

மெஷின் சத்தத்திலும் அது எல்லோருக்கும் கேட்டது. விக்ரமின் முகம் கறுத்தது.

அன்னக்கொடி நல்லகாமனைப் பார்த்தாள். "கீழ கட்டியிருந்தா என்னவாகும்?"

"முப்பது பேரும் காளைக்கு முன்னாடி வந்து விழுந்திருப்பாக."

அந்த அம்மாள் விக்ரமை உச்சியிலிருந்து பூட்ஸ்வரை ஒருமுறை பார்த்தாள். சந்தையில் அழுகின வாழைத்தாரைத் தள்ளிவைக்கும் பார்வை. "நீங்க போய்க் கார்ல உக்காருங்க தம்பி. வேல முடியவும் சொல்லிவிடுறேன்."

அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு இறங்கினான். நாலு வருடமாகக் காத்திருந்த காட்சி. ரோகிணி அதை ஆசை தீரப் பார்ப்பதற்குள் அன்னக்கொடி அவள் பக்கம் திரும்பிவிட்டாள்.

"அவரு தப்பாச் சொன்னது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து மத்தியானம்."

"அப்புறம் இப்பத்தான் வாரியா?"

அதே பார்வை, உச்சியிலிருந்து செருப்புவரை. அன்னக்கொடி ஏணியில் இறங்கினாள்.

கான்கிரீட் கொட்டி முடிக்கச் சாயங்காலம் ஆனது. ஒவ்வொரு சட்டிக் கலவையும் விழும்போது மேல் கம்பி கீழே அமுங்குகிறதா என்று ரோகிணி வெயிலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் அவளை இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.