பதினேழாவது கொக்கி

கதவு பூட்டிய சத்தம் கேட்டதும்தான் எனக்கு அந்த மூடி ஞாபகம் வந்தது. எங்கள் கட்டுப்பாட்டு அறையை ஒருதரம் பூட்டினால், ராக்கெட் கிளம்பும்வரை எமனே வந்தாலும் அடையாள அட்டையோடு வெளியே நிற்க வேண்டியதுதான்.

செயற்கைக்கோளின் ஆன்டெனாக்கள்மேல் சிவப்பு மூடிகள் நாற்பத்திரண்டு. புறப்படுமுன் கழற்றி, பலகையில் எண்போட்ட கொக்கிகளில் மாட்ட வேண்டும். எல்லாம் நிறைந்தால்தான் மீசை கையெழுத்துப் போடுவான். மீசை எங்கள் பாதுகாப்பு அதிகாரி. விட்டால் அரிசியை எண்ணித்தான் உலையில் போடுவான். காலையில் அவன் வந்தபோது பதினேழாவது கொக்கி மட்டும் காலி. உதிரி மூடி ஒன்றை மாட்டி ஒப்பேற்றிக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, நிஜ மூடியைக் கழற்ற ஏணியேறினேன்.

கழற்றினேனா? திருகியது விரலில் இருக்கிறது. ஆனால் இருபத்தெட்டு வருஷத்தில் லட்சம் மூடி திருகிய விரல். எது அன்றையது என்று அதற்கென்ன தெரியும்?

மேலே விண்வெளி நிலையத்தில் இரண்டு பேர். ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் பூமியோடு பேச்சு அறுந்துபோகும். அவர்கள் குரலை வாங்கி நமக்கு அனுப்பத்தான் இந்தச் செயற்கைக்கோள். மூடி இருந்தால் அது செவிடு.

ராக்கெட் கிளம்ப நான்கு நிமிடம் இருக்கையில் மீசையின் காதைக் கடித்தேன்.

“அடப்பாவி! இப்பவா சொல்லுவ? மூடி எங்கடா?”

“கழட்டியிருந்தா அங்கிப் பையில இருக்கும்.”

“அங்கி?”

கண்ணாடிக் கதவைக் காட்டினேன். அந்தப்புறம் ஆணியில் என் வெள்ளை அங்கி. பை லேசாகப் புடைத்திருந்தது.

“அது என் மூக்குக்கண்ணாடி டப்பாவாவும் இருக்கலாம்,” என்றேன், நேர்மையாக.

“உன்ன நம்பிக் கையெழுத்து போட்டேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும். நிறுத்தச் சொன்னா நம்ம ரெண்டு பேர் வேலையும் போச்சு. சொல்லாட்டி…”

இன்றைக்குச் சிரிக்கிறேன், அன்றைக்கு வியர்த்த வியர்வையில் கப்பலே விட்டிருக்கலாம்.

ஒரு நிமிடம். மீசையின் கை தொலைபேசிமேல் போனது. அப்போது நடைவழியில் சலவைக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அங்கியை எடுத்தார். மூட்டையில் போடுமுன் பைகளைத் துழாவுவது அவர் வழக்கம். கண்ணாடியைத் தட்டினேன், சத்தம் போகாத கண்ணாடி. என்னைப் பார்த்து, ஊருக்குப் போகிறவனை வழியனுப்புவதுபோல் சிரித்துக் கையசைத்தார்.

“முப்பது,” என்றது ஒலிபெருக்கி.

மீசை ரிசீவரைத் தூக்கினான். சலவைக்காரரின் கை, மணிக்கட்டுவரை, என் பைக்குள் இருந்தது.