சர்வேயர் சோதனை

கீழ்த்தாடை நிற்க மாட்டேன் என்றது. மீனலோசனி இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். விட்டதும் அப்பாவின் வாய் மறுபடி திறந்துகொண்டது. கொடியில் கிடந்த கம்பளி மப்ளரை இழுத்தெடுத்து, தாடைக்குக் கீழே கொடுத்து, உச்சந்தலையில் இறுக்கி முடிந்தாள். எட்டி நின்று பார்த்தாள். சளி பிடித்த மனுஷனைப் போலத்தான் இருந்தார். நல்லவேளை, கண்கள் தாமாகவே மூடியிருந்தன.

கொல்லைப் பக்கம் தம்பி குலசேகரம் குளிக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றுவதற்கு நடுவே ஜப்பான் அளவு வாய்ப்பாடு வேறு ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு சங்கிலி பதினொரு கென். ஒரு கென் ஆறு ஷாக்கு." ரெம்பாவிலிருந்து சிரம்பானுக்குப் போகும் விடியற்கால ரயிலை அவன் பிடித்தாக வேண்டும். அதுவரை இந்த வீட்டில் யாரும் சாகவில்லை என்று மீனலோசனி முடிவு செய்துகொண்டாள்.

அழுகை வரவில்லையா என்றால் வந்தது. தொண்டைவரை வந்ததை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். அழுதால் தம்பிக்குத் தெரியும். தெரிந்தால் துடக்கு, சாவுத் தீட்டு. ஒரே ஆண்பிள்ளை கொள்ளி வைக்காமல் வாசற்படி தாண்டுவானா? தாண்டாவிட்டால் இன்றைய சர்வேயர் சோதனை போச்சு. சோதனை போனால் சயாம்.

சயாம் என்ற சொல்லை அந்த ரப்பர் தோட்டத்தில் யாரும் உரத்துச் சொல்வதில்லை. ஜப்பான்காரன் அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறான். கூலிக் குடியிருப்பான லயத்திலிருந்து இரண்டு தடவை ஆள் பிடித்துப் போய்விட்டான். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அடுத்த கூட்டத்தில் குலசேகரத்தின் பெயரும் இருக்கிறது என்று ஆபீசிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் சிரம்பானில் சர்வேயர் சோதனை என்று அறிவிப்பு வந்தது. தேறினால் லைசென்சு, கையில் கட்டத் துணிப்பட்டை, மாதா மாதம் அரிசி. பட்டை கட்டியவனை யாரும் தொடமாட்டார்களாம்.

குலசேகரத்துக்கும் இந்த லைசென்சுக்கும் ஏதோ ஜென்மப் பகை இருந்திருக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் முதல் தடவை கணக்கில் கோட்டை விட்டான். இரண்டாம் தடவை மஞ்சள் காமாலை வந்து படுத்தான். மூன்றாம் தடவைக்கு எல்லாம் தயாராய் இருந்தபோது ஜப்பான்காரனே மலாயாவில் வந்து இறங்கிவிட்டான். தோட்டத்து ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக, பெரிய கிராணியாக இருந்து ஓய்ந்த அப்பா சிவசிதம்பரத்துக்கு அதில் தாங்க முடியாத வருத்தம். மகனின் பெயரை வாசலில் பலகை அடித்து, கீழே லைசென்சு பெற்ற சர்வேயர் என்று எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று, வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணுக்கு அந்தப் பேச்செல்லாம் தெரியவில்லை; பலகைக்குக் காத்திராமல் மூடிக்கொண்டது.

மகன் ஜப்பான் அளவுகளைப் படிக்க ஆரம்பித்தபோது அவர் முதலில் சம்மதிக்கவில்லை. "வெள்ளைக்காரன் திரும்பி வந்தா சங்கிலியிலதான் கேப்பான். அப்ப என்ன சொல்லுவாய்?" என்று சண்டை பிடித்தார். கடைசியில் அவரே படுக்கையில் கிடந்தபடி கேள்வி கேட்கத் தொடங்கினார். பெரிபெரியில் கால்கள் பூசணிக்காய் போல் வீங்கி, மூச்சு மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்த நேரத்திலும், "ஏக்கருக்கு எத்தினை சுபோ? கெதியாச் சொல்லு" என்று விரட்டினார். நேற்றுப் பொழுதுபடும்போதுகூடக் கேட்டார். குலசேகரம் சரியாகச் சொன்னான். அவர் தலையசைத்தார். அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

குலசேகரம் வெளுத்த வெள்ளைச் சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு வந்தான். அவித்த மரவள்ளிக்கிழங்கை மீனலோசனி தட்டில் வைத்தாள். இரண்டு துண்டு தின்றான்.

"அப்பா எழும்பேல்லையா?"

"இரவு முழுக்க இருமினவர். இப்பத்தான் நித்திரை. எழுப்பாத."

எவ்வளவு லேசாக வந்தது அந்தப் பொய்! அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"எழுப்பேல்ல. கும்பிட்டுட்டுப் போறன்."

இதை அவள் யோசிக்கவில்லை. சோதனைக்குப் போகிற பிள்ளை அப்பாவின் காலில் விழாமல் போகுமா? தடுக்க வாயெடுப்பதற்குள் அவன் கட்டிலடிக்குப் போய்விட்டான். போர்வையை விலக்கி, வீங்கின பாதங்களில் இரண்டு கையையும் வைத்துக் குனிந்தான். குனிந்தவன் உடனே நிமிரவில்லை. மீனலோசனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கால் குளிருது," என்றான், தலையைத் தூக்காமல்.

"விடியக்குளிர்தானே. நீ மூடிவிடு."

அவன் மூடினான். ஓரங்களைக் காலுக்கடியில் செருகினான். பிறகு நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான், மப்ளரைப் பார்த்தான்.

"திருநீறு?"

"அவருக்குக் கை தூக்க ஏலாது. நான் பூசிவிடுறன்."

பாதித் திருநீறு அவன் மூக்கில் கொட்டியது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். இன்று துடைக்கவும் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். "போட்டு வாறன் அக்கா," என்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

ரயில் ஊதும் வரைக்கும் மீனலோசனி அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஊதிவிட்டால் வாய்விட்டு அழலாம் என்று தனக்குத்தானே சொல்லிவைத்திருந்தாள். தூரத்தில் ஊதியது. வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அடக்கி அடக்கி, அழுகைக்கே வழி மறந்துபோயிற்று.

இனி யாரையாவது கூப்பிட வேண்டும். லயத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசியிடம்தான் சொல்லியனுப்ப வேண்டும். எப்படிச் சொல்வது, உயிர் எப்போது போனது என்று சொல்வது என்று யோசித்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். சன்னாசி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். தோளில் பச்சை மூங்கில். பின்னால் இரண்டு ஆள்கள், தென்னங்கீற்றோடு. வழக்கம்போலப் படிக்குக் கீழேதான் நின்றார்கள்; பெரிய கிராணி வீட்டுப் படியை அவர்கள் ஒருநாளும் மிதித்ததில்லை.

"ஆரு சொன்னது?" என்றாள்.

"தம்பிதாம்மா. போற வழியில சைக்கிள நிப்பாட்டிச் சொன்னாரு."

மீனலோசனி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா போயிட்டாரு, அக்கா மறைச்சு வச்சிருக்கு, நானும் தெரியாத மாதிரியே கெளம்பிட்டேன்னாரு. ரயில் போனதும் போங்க, அதுக்கு முன்னாடி போகாதீங்கன்னாரு. சாயங்காலம் வந்து தாந்தான் கொள்ளி வைப்பாராம். அதுவரைக்கும் வச்சிருக்கச் சொன்னாரு." சன்னாசி மூங்கிலைக் கீழே வைத்தார். "சொல்லும்போது அழுதுட்டாரும்மா."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்ததும் நிற்கவில்லை.

பகல் முழுக்கக் காத்திருந்தார்கள். லயத்துப் பெண்கள் வந்து வாசலில் நின்றபடியே மாரடித்துவிட்டுப் போனார்கள். வாழைப்பழம் கிடைக்காததால் மரவள்ளிக்கிழங்கையே படையலாக வைத்தார்கள். சன்னாசி காய்ந்த ரப்பர் மரமாகப் பார்த்து வெட்டி, ஆற்றோரம் அடுக்கிவிட்டு வந்தார். வெயில் ஏற ஏற ஈக்களும் வந்தன. மீனலோசனி விசிறிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவே, இந்நேரம் கணக்கு எழுதுவான், இந்நேரம் திடலில் அளப்பான், இந்நேரம் முடிந்திருக்கும் என்று மனம் அவன் பின்னாலேயே ஓடிற்று. கைப்பட்டையோடு வந்து நிற்கட்டும். ஏசட்டும், கன்னத்தில் அறையட்டும். வந்தால் போதும்.

சாயங்கால ரயிலின் சத்தம் கேட்டு வெகு நேரம் கழித்து ஒரு சைக்கிள் வந்தது. குலசேகரத்தின் சைக்கிள்தான். தள்ளிக்கொண்டு வந்தது முருகையா. கிழங்கு விற்கச் சிரம்பானுக்குப் போயிருந்த, ரப்பர் பால்வெட்டுக்காரர்.

"ஸ்டேஷன்ல இருந்திச்சு. கொண்டாந்தேன்," என்றார். சைக்கிளை வேலியில் சாய்த்தார். அதற்குப் பிறகு நிமிர்ந்து பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

"தம்பி?"

"திடல்ல வச்சுத்தாம்மா பரீட்சை. நான் வேலிக்கு வெளியதான் கிழங்கு வச்சிருந்தேன். பூரா பார்த்தேன். அளக்கச் சொன்னான், எழுதச் சொன்னான். மத்தியானம் பேர் படிச்சான். பெயிலானவங்களை எல்லாம் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டான். அவங்க கூடத்தான் நானும் ரயில்ல வந்தேன்."

"பாஸானவை?"

முருகையா தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சன்னாசி அதட்டினார். "சொல்லுய்யா!"

"சயாம்ல பாதை அளக்க சர்வேயருங்க பத்தலையாம். பாஸானவங்கள மட்டும் லாரியில ஏத்திட்டான். கூட்ஸ் வண்டிக்குக் கொண்டு போயிட்டான்." அவர் குரல் உடைந்தது. "மொதப் பேரே நம்ம தம்பி பேருதாம்மா. கை தூக்கிட்டு எந்திரிச்சு நின்னாரு. சிரிச்சாரும்மா. லாரியக் கொண்டாந்து நிப்பாட்டினப்புறம்தான் வெளங்குச்சு."

 வேலியோரம் ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். மீனலோசனி முருகையாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கில் ஒரு பிழை விட்டிருந்தால் போதும். ஒரு கென்னை மாற்றி எழுதியிருந்தால் இந்நேரம் இந்த வாசலில் நின்றிருப்பான். காலையில் அவள் ஒரு கூச்சல் போட்டிருந்தாலே போதும்.

இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும். சன்னாசிதான் மெல்ல வாயைத் திறந்தார். "பொழுது எறங்குதும்மா. இதுக்கு மேல வச்சிருக்க முடியாது லா. கொள்ளி யாரு வைக்கிறது?"

"நீங்களே வையுங்கோ."

அவருக்குக் காது கேட்டதோ இல்லையோ, அசையாமல் நின்றார். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவரை நீங்கள் என்று சொன்னதில்லை.

"மேல வாங்கோ, சன்னாசி. எல்லாரும் வாங்கோ."

வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு அவர் படியேறினார். மற்றவர்களும் தயங்கித் தயங்கி ஏறினார்கள். பாடையின் நான்கு முனையிலும் ஆள் நின்றாயிற்று. குனிந்தவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினாள் மீனலோசனி. அப்பாவின் பக்கத்தில் முழந்தாளிட்டு, காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"அப்பா, தம்பி பாஸ் பண்ணிட்டான்."

எழுந்து சுவரோரமாக விலகி அவர்களுக்கு வழி விட்டாள்.

"தூக்குங்கோ," என்றாள்.