பதியாத விருந்தாளியின் நம்பர்

எட்டு மாதமாக ஜெரோமியிடம் ஒழுங்காகக் கேள்வி கேட்ட ஒரே ஜீவன் ஒரு கணினிச் சோதனைதான். மலையகத்து ஹட்டனில் மருந்துக்கடை ஒன்றின் மாடியறையில் இருந்துகொண்டு, கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு அவள் நிரல் எழுதினாள். ஒரு மடிக்கணினி, இணையத்துக்கு ஒரு டொங்கிள், சாத்தினாலும் பனியை உள்ளே விடும் ஒரு ஜன்னல். கீழே கடைக்காரர் காலையில் தலையசைப்பார், அவளும் தலையசைப்பாள். அன்றைக்கான பேச்சு அத்தோடு தீர்ந்துவிடும்.

வேலை என்னவோ சுவாரசியமானதுதான். தேயிலைத் தோட்டங்களின் பழைய துரை பங்களாக்களில் வெளிநாட்டார் அறை எடுக்க ஓர் இணையத்தளம். தங்க வருகிறவர்களின் விவரம் பங்களாக்காரர்களின் வேறொரு கணினியிலிருந்து வந்தது. வெளியிலிருந்து வரும் அந்த விருந்தாளியை, தளத்துக்கு அடித்தளமான பிரேம்வேர்க் என்ற ஆயத்த நிரல் தன் வீட்டுப் பிள்ளையாக ஏற்க வேண்டும். முன்பென்றால் நடக்காது, தனக்குள் பிறந்ததை மட்டும்தான் அது ஏற்கும். 2009இல் அதை எழுதியவர்கள் பெரிய மனசு பண்ணினார்கள். எங்கே பிறந்த பொருளானாலும் சரி, எங்கள் ஆறு கேள்விக்கு முறைப்படி பதில் சொன்னால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். உன் வகைக்கு என்ன பெயர், நீ செல்லுபடியாவாயா, உன்னிடம் பிழை உண்டா, பதிவாகிவிட்டாயா, உன் நம்பர் என்ன, இணைய முகவரியில் உன்னை எப்படி எழுதுவது. கேட்பதற்கான சோதனையையும் அவர்களே தந்துவிட்டார்கள். தேறிய கேள்விக்குத் திரையில் ஒரு புள்ளி விழும், தவறியதற்கு ஓர் எஃப்.

"இது தேறட்டும். பிறகு நீங்கள் இஞ்ச வந்து எங்களோட இருந்து வேலை செய்யலாம்" என்று ஆவணி மாதத்தில் கஜதீபன் சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் அந்தக் குழுவுக்குத் தலைவர். அவரை அவள் பார்த்ததேயில்லை. தினமும் காலை பத்து மணிக்கு இரண்டு நிமிடம் பேசுவார். அவர் பேச்சைவிட அவருக்குப் பின்னால் கேட்கும் சத்தங்களைத்தான் அவள் அதிகம் கேட்டாள். ஃபேனை நிறுத்தச் சொல்லி நிரூபா சண்டை பிடிப்பதும், விதுசன் விக்கி விக்கிச் சிரிப்பதும், குணபூசணி அக்கா எல்லாருக்கும் முறுக்குப் பங்கு வைப்பதும் அவளுக்கு அத்துப்படி. அவர் வைத்துவிட்டாலும் போனைக் காதிலிருந்து எடுக்க மனம் வராது. அவளுக்கு அந்த மேசையில் ஒரு நாற்காலி வேண்டும். வேறு ஆசை எதுவும் அவளுக்கு இருக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை சோதனையை ஓட்டினாள். ஐந்து புள்ளி, ஓர் எஃப். நம்பர் பற்றிய கேள்வியில்தான் விருந்தாளி கவிழ்ந்திருந்தார். நிரலை மூன்று தரம் வாசித்தும் அவளுக்குப் பிழை தெரியவில்லை. பத்து மணிக்குக் கஜதீபன் அதைத் திறந்து பார்த்தார்.

"ஜெரோமி, சோதனைக்கு வச்ச இந்த ஆள் இன்னும் பதியாத ஆளல்லோ? ஏன் நம்பர் போட்டனீங்கள்?"

"பதியாட்டி நம்பர் இருக்கக் கூடாதுங்களா அண்ணா?"

"பதிஞ்சாப் பிறகுதானே நம்பர் வரும். அதுக்கு முன்னம் கேட்டால் ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லவேணும்."

"எங்க தோட்டத்துல அப்புடி இல்லீங்க. எங்கம்மாவுக்கு வேலைக்கு பேர் பதியவே நாலு வருசம் ஆச்சு. நம்பர் மொத நாளே குடுத்துட்டாங்க. காலையில ஆளெடுக்குற பெரட்டுல அந்த நம்பரச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. அந்த நெனப்புல போட்டுட்டேன்."

"அது சரி," என்றார் கஜதீபன், குரலைத் தணித்து. "இதுக்கு அது தெரியாதுதானே. எடுத்துவிடுங்கோ."

எடுத்துவிட்டாள். பதிவாகாத விருந்தாளிக்கு நம்பர் இல்லை என்று எழுத ஒரு வரிதான் ஆனது. மீண்டும் ஓட்டினாள். ஆறு புள்ளிகளும் வரிசையாக விழுந்தன. ஜெரோமி எழுந்து, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். சந்தோஷத்தைச் சொல்ல அந்த அறையில் ஒரு ஆள் இல்லை. அன்றுதான் முதன்முறையாக அவளாகவே கஜதீபனுக்குப் போன் போட்டாள்.

"நல்ல வேலை. உண்மையா நல்ல வேலை," என்றார் அவர். பிறகு அறையை விட்டு வெளியே போகிறாற்போல் ஒரு கதவுச் சத்தம் கேட்டது. "ஜெரோமி, ஒண்டு சொல்லவேணும். கேள்விக்கெல்லாம் அது இப்ப தானாப் பதில் சொல்லுதுதானே. இனி ஆர் எடுத்துப் பொருத்தினாலும் பொருந்தும். அதுக்கெண்டு தனியா ஒரு ஆள் தேவையில்லையாம். இந்த மாதத்தோட உங்கட ஒப்பந்தத்தை முடிக்கச் சொல்லி மேலிடத்தில சொல்லிப்போட்டினம். ஆவணியில நான் சொல்லேக்க அப்பிடி நினைக்கேல்லை."

அவரைத் திட்டலாமா என்று பார்த்தாள். திட்ட வரவில்லை. பொருள் யாருடையது என்று பிரேம்வேர்க் கேட்காமல் இருக்கத்தான் இவள் எட்டு மாதம் மாடாய் உழைத்தாள். வேலையைச் சுத்தமாகச் செய்ததுதான் அவள் செய்த குற்றம் என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

"சரிங்கண்ணா," என்றாள். கதவுக்கு அப்பாலிருந்து மெலிதாக ஒரு சிரிப்பு வந்தது. "அது விதுசன் அண்ணாங்களா?"

"ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தாள். அவர் வைக்கும் வரை காத்திருந்தாள்.

பின்னேரம், மலையில் கொழுந்து பறித்துத் திரும்பியதும் றொசல்லைத் தோட்டத்திலிருந்து அம்மா தெரேசா கூப்பிட்டாள். "பரீட்சை பாஸாயிருச்சா?"

"பாஸ்ம்மா. ஆறும் பாஸ்."

"மாதாவே. அப்ப கொழும்புக்குப் போறியா? லயத்துல எல்லாருகிட்டயும் சொல்லிறட்டா?"

ஜெரோமி பதில் சொல்லுமுன் அம்மாவே தொடர்ந்தாள். "சொல்லிறேன் போ. ஒரே ஒரு கவலைதான் புள்ள. அவ்ளோ பெரிய ஊருல ஒன்கூட யாரு இருப்பா?"

ஜெரோமி கண்ணை மூடிக்கொண்டாள். "நெறையப் பேரு இருக்காங்கம்மா. ஒரே மேசையிலதான் எல்லாரும்."

"பேரச் சொல்லு பாப்போம்."

"நிரூபான்னு ஒருத்தவங்க," என்று தொடங்கினாள் ஜெரோமி. "அவங்களுக்கு ஃபேன் போட்டா ஒத்துக்காது."